குடல் வழியே தோலுக்கு மருத்துவம்: புரோபயாட்டிக்கா, உணவு விலக்கா?

சொரியாசிஸ், எக்ஸிமா போன்ற நாள்பட்ட தோல் அழற்சிகளுக்குக் குடலைச் சரிசெய்தால் போதும் என்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள்: ஒன்று, நன்மை செய்யும் நுண்ணுயிர்களை உட்கொள்ளும் புரோபயாட்டிக், மற்றொன்று, அழற்சியைத் தூண்டுவதாகக் கருதப்படும் உணவை நிறுத்துவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த நோய்க்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

புரோபயாட்டிக் யோசனை புதியதன்று. ஸ்டோக்ஸ், பில்ஸ்பரி என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1930-இலேயே மனம், குடல், தோல் மூன்றையும் இணைத்து எழுதி, அசிடோஃபிலஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர் சேர்த்த பாலையும் பரிந்துரைத்தார்கள். 2001-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வில், ஒவ்வாமை வரலாறுள்ள குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கும் பிறகு குழந்தைகளுக்கும் லாக்டோபேசில்லஸ் என்னும் புரோபயாட்டிக் நுண்ணுயிர் தரப்பட்டபோது, இரண்டு வயதில் எக்ஸிமா 46 சதவீதத்துக்குப் பதில் 23 சதவீதமாக இருந்தது. ஆனால் அது வருமுன் காத்த கதை. வந்துவிட்ட எக்ஸிமாவுக்கு, 39 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, அரிப்பிலும் தூக்கக் குறைவிலும் புரோபயாட்டிக்கால் அநேகமாக வேறுபாடு இல்லை என்றே முடித்தது. விளம்பரங்கள் முதல் ஆய்வின் பெருமையை இரண்டாம் வகை நோயாளிக்கு விற்கின்றன என்பது என் கணிப்பு.

உணவு விலக்கு ஐயத்துக்கு இடமின்றி வெல்லும் நோய் ஒன்று உண்டு: டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தாங்கமுடியாத அரிப்புடன் சிறு கொப்புளங்கள் எழும். மருத்துவர் பார்ப்பதற்குள் நோயாளி சொறிந்து உடைத்துவிடுவதால் பலமுறை எக்ஸிமா என்றே தவறாகக் கருதப்படும். புண்ணுக்கு அருகிலுள்ள நல்ல தோலிலிருந்து பயாப்ஸி எடுத்துப் பார்த்தால் ஐஜிஏ என்னும் நோயெதிர்ப்புப் புரதத்தின் படிவு தெரியும். குளூட்டன் என்னும் தானியப் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் நோயெதிர்ப்பே சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோயின் தோல் முகம் இது. டாப்சோன் மாத்திரை சில நாட்களில் அரிப்பை அடக்கினாலும் குடலை ஆற்றாது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் குளூட்டனை விலக்குவது மெதுவாக, சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு, தோல், குடல் இரண்டையும் ஆற்றுகிறது. பரிசோதனைக்கு முன்பே குளூட்டனை நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையும் குடல் பயாப்ஸியும் நோயில்லாததுபோலக் காட்டக்கூடும்.

எக்ஸிமாவில் நிலைமை தலைகீழ். ஒவ்வாமை உறுதியாகாமல் குழந்தைக்கு முட்டையையும் பாலையும் நிறுத்தினால் வளர்ச்சி குன்றலாம்; அதைவிட, பழக்கம் விட்டுப்போன உணவுக்கே பின்னர் கடும் ஒவ்வாமை உண்டாகலாம். சொரியாசிஸிலோ, சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் இருந்தாலொழிய குளூட்டன் விலக்கால் பயன் எதிர்பார்ப்பதற்கில்லை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பே நன்றாக நிறுவப்பட்ட உணவு வழி.

குடலும் சொரியாசிஸும் உண்மையாகவே சந்திக்கும் இடம் மாத்திரைப் புட்டியில் இல்லை, நோயெதிர்ப்புப் பாதையில் இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களான இன்டர்லூக்கின் 12, 23 இரண்டையும் தடுக்கும் உஸ்டெகினுமாப், சொரியாசிஸுக்கும் நாள்பட்ட குடல் அழற்சியான குரோன் நோய்க்கும் மருந்து. இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் தோலில் அருமையாக வேலை செய்தும், 2012-இல் வெளியான ஆய்வில் குரோன் நோயாளிகளுக்குப் பயன் தராததோடு சிலருக்கு நோயை மோசமாக்கியது. தோலுக்காகச் செகுகினுமாப் போன்ற ஊசி மருந்தைத் தொடங்கவிருப்பவர், நீடித்த வயிற்றுப்போக்கோ மலத்தில் இரத்தமோ இருந்தால், கேட்காவிட்டாலும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.