பழைய படங்களை ‘கிளீன்’ பண்ணித் தருகிறோம் என்பவர்களிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் கல்யாணம், கோயில் திருவிழா எடுக்கும் போட்டோகிராபர்களுக்காக இதை எழுதுகிறேன். என் படங்களை அடுக்கித் தருகிறோம் என்று கெடுத்துக் கொடுத்த ஆபீஸின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் தெம்பு எனக்கு இப்போது இல்லை.

பல ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கும் படங்களை ஒரே டிஸ்க்கில் சேர்த்து, டூப்ளிகேட்டை நீக்கி, தேதி வாரியாகப் பெயர் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். 1,800 வெள்ளி (ரிங்கிட்), பாதி முன்பணம். வேலை முடிந்ததும் பழைய டிஸ்க்குகளையும் ஃபார்மட் செய்து பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். நான் கேட்காத உபகாரம் அது.

அவர்கள் எதை டூப்ளிகேட் என்றார்கள் தெரியுமா? ஃபைல் பெயர் ஒன்றாக இருந்தால் டூப்ளிகேட், அவ்வளவுதான். கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-க்கு வந்துவிடும். என்னிடம் இரண்டு கேமரா பாடி, கூட வரும் தம்பியிடம் ஒன்று. ஒரே பெயரில் நாலைந்து வெவ்வேறு படங்கள் இருப்பது நம் தொழிலில் சாதாரணம். கிள்ளான் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை தாலி முடிச்சுப் போடும் விரல்களைக் கிட்டத்தில் எடுத்திருந்தேன், ஐ.எம்.ஜி 4410. அதே எண்ணில் வேறொரு கல்யாணத்துப் பந்தி, இலையில் பாயசம் ஊற்றும் படம். பாயசம் தப்பித்தது, தாலி போய்விட்டது. பெண் வீட்டில் இன்னும் ஆல்பம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தேதி வாரியாக அடுக்கிய லட்சணத்தையும் கேளுங்கள். 2019 தைப்பூசம் ஜனவரி 21-இல் வந்தது. பத்துமலையில் எடுத்ததையெல்லாம் மார்ச் மாதம் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். ஷட்டர் அடித்த நேரம் ஃபைலுக்குள்ளேயே, எக்ஸிஃப் தகவலில் பத்திரமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு, டிஸ்க்கில் ஃபைல் வந்து சேர்ந்த தேதியை எடுத்திருக்கிறார்கள். விளைவு, காவடியும் பால்குடமும் மார்ச் ஃபோல்டரில்.

இதையெல்லாம்விட வயிற்றெரிச்சல், எக்ஸ்.எம்.பி ஃபைல்கள். ரா படத்துக்கு, அதாவது கேமரா பதிந்த மூலப் படத்துக்குப் பக்கத்தில் அதே பெயரில் குட்டியாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். நட்சத்திரம், கேப்ஷன், யார் யார் படத்தில் இருக்கிறார்கள் என்ற குறிப்பு, கலர் திருத்தம் எல்லாம் அதற்குள்தான். போனில் கேட்டேன். “சின்னச் சின்ன ஃபைல்ணே, குப்பைன்னு டிலீட் பண்ணிட்டோம். படம் எல்லாம் ஓப்பன் ஆகுதுல்ல? அப்புறம் என்ன கம்ப்ளேன்?”

படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் கேட்டலாக் என் லேப்டாப்பில் இருக்கிறதே, திருத்தங்கள் அதிலும் இருக்குமே என்று நினைத்தேன். இருக்கிறது, ஆனால் அது படத்தைத் தேடுவது பழைய ஃபோல்டரில், பழைய பெயரில். இப்போது வரிசை வரிசையாக ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ‘ஃபைலைக் காணோம்’ என்னும் ஆச்சரியக்குறி. அடோபியின் பிரிட்ஜ் மென்பொருளில் மொத்தமாகப் பெயர் மாற்றும்போது பழைய பெயரை மெட்டாடேட்டாவில், அதாவது படத்தோடு சேர்ந்த தகவலில், வைத்துக்கொள்ள ஒரு டிக் போட்டால் போதும். அதுகூடச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து இணைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னது அரைகுறை வேலை. அடுத்தது ஏமாற்று. ஜேபெக் படங்களை இடம் மிச்சம் என்று சுருக்கிச் சேமித்தவர்கள், படைப்பாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தங்கள் கம்பெனிப் பெயரைப் போட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லாமல் நானாகப் போய் எடுத்த தைப்பூசப் படங்களிலும் அதேதான். 1987 பதிப்புரிமைச் சட்டம் இப்படி உரிமைத் தகவலில் கை வைப்பதைத் தடுக்கிறது. அதைச் சொன்னதும் “சாஃப்ட்வேர் தானா போட்டிருக்கும்ணே” என்றார்கள். சாஃப்ட்வேருக்கு உங்கள் கம்பெனிப் பெயரை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். லைன் கட்.

பணம் திரும்ப வரவில்லை. மீதிப் பாதியைக் கொடுத்தால்தான் பேசுவார்களாம்.

இந்த மாதிரி ஆளிடம் போகவேண்டி வந்தால் ஒன்று செய்யுங்கள். ஒரே பெயருள்ள இரண்டு வெவ்வேறு படங்களை பென் டிரைவில் தனித்தனி ஃபோல்டரில் போட்டு, டூப்ளிகேட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளடக்கத்தை ஒப்பிடும் மென்பொருள் என்றால் இரண்டையும் விட்டுவைக்கும். ஒன்று காணாமல் போனால் எழுந்து வந்துவிடுங்கள். காப்பியில்தான் வேலை செய்வோம் என்று எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் எக்ஸிஃப்டூல் மென்பொருள்கூட மெட்டாடேட்டாவை மாற்றும் முன் பழைய ஃபைலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைக்கும். காசு வாங்குகிறவன் அதையாவது செய்யவேண்டாமா?

போன வாரம் வேறு பெயரில், பெட்டாலிங் ஜெயா முகவரியோடு ஒரு விளம்பரம் பார்த்தேன். ‘ஒரே டிஸ்க், ஒரே வாரம், டென்ஷன் இல்லை’ என்ற வரி அப்படியே இருக்கிறது. பேசிப் பார்த்தேன், அதே குரல். அவர்களிடம் ஏற்கெனவே டிஸ்க்கைக் கொடுத்திருப்பவர்கள் ஃபார்மட் செய்வதற்கு முன் போய் வாங்கி வந்துவிடுங்கள்.