இருபது வயதுக் காரும் இரண்டு வயதுக் காரும்: இரண்டையும் ஓட்டுபவனின் மதிப்புரை

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று 2004-இல் தயாரானது. பதினான்கு வயதில் என்னிடம் வந்து, இப்போது இருபதைத் தொட்டிருக்கிறது. இன்னொன்று ஷோரூமிலிருந்து நேராக வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பழையதை நான் ஓட்டுகிறேன், புதியதை என் மனைவி ஓட்டுகிறார். தேவைப்பட்டால் மாற்றிக்கொள்வோம். பழைய கார் வாங்கலாமா, கடன் வாங்கியாவது புதிதாக எடுத்துவிடலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதிலை அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு கார்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்த வயதுச் சிறிய கார்கள் எல்லாவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பழையது 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், எடை 900 கிலோவுக்குச் சற்று மேல். ஏசி உண்டு, பவர் ஸ்டீயரிங் உண்டு. ஏர்பேக் கிடையாது, பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. என்னிடம் வந்தபோது 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்று காலை பார்த்தேன், 1,87,400.

இதை வாங்குவதற்கு முன் வேறொரு கார் பார்க்கப் போயிருந்தோம். பளபளவென்று மெருகேற்றி நிறுத்தியிருந்தார்கள். என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் எதையும் பேசாமல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடாக இருக்கிறது தம்பி. நாம் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். வாருங்கள், போகலாம்" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை, வழியில் சொன்னார். இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜினைக் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் நோய்கள் வெளியே வரும். வால்வ் வழியாக எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வ் சீல் தேய்ந்திருந்தால் முதல் சில நொடிகளுக்கு நீலப் புகை வரும். உள்ளே ஏதாவது தளர்ந்திருந்தால் எண்ணெய் மேலே ஏறும்வரை கடகடவென்று சத்தம் கேட்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். சூடான இன்ஜின் இவை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இரண்டாவதாகப் பார்த்ததுதான் இந்தக் கார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. மேலே தூசி, பின்கதவில் ஒரு நசுங்கல். ஆனால் இன்ஜின் ஆறிக் கிடந்தது, முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தோம். இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்து அங்கே வெண்ணெய் போல வெளிறிய பசை படிந்திருக்கும். இங்கே சுத்தமான எண்ணெய்ப் பசை மட்டும்தான். பதினான்கு ஆண்டு பில்களையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

டயர்கள்தான் குறை. தேய்மானம் அதிகமில்லை, பார்வைக்கு நன்றாகவே இருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அங்கே 2311 என்று இருந்தது. 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஏழு ஆண்டுப் பழைய ரப்பர். குனிந்து பார்த்தால் ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள். காய்ந்த ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. நான்கையும் மாற்றினேன்.

பழைய கார் வாங்குகிறவர்கள் தவறு செய்வது இங்கேதான். கையில் இருப்பதையெல்லாம் காருக்கே கொடுத்துவிட்டு வருகிறார்கள். முதல் மூன்று மாதத்தில் நான் டயர்கள், டைமிங் பெல்ட், அதோடு வாட்டர் பம்ப், பேட்டரி, பிரேக் ஆயில், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். காருக்குக் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போயிற்று. அந்தத் தொகையைத் தனியே எடுத்து வைக்க முடியாது என்றால் இன்னும் மலிவான காரைப் பாருங்கள், அல்லது இன்னும் சில மாதம் பொறுங்கள்.

டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜினின் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. சில இன்ஜின்களில் அதற்குப் பதில் சங்கிலி இருக்கும். பல இன்ஜின்களில் இந்தப் பட்டை அறுந்தால், திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வுகள் வளைந்துவிடும், சில சமயம் பிஸ்டனும் போய்விடும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று காரின் கையேட்டில் போட்டிருப்பார்கள். ஆசிரியரின் கோப்பில் எல்லாப் பில்லும் இருந்தன, இதற்கான பில் மட்டும் இல்லை. கழற்றிய பட்டையை அண்ணன் என் கையில் கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக, ஒழுங்காகத்தான் இருந்தது. உள்பக்கம் வெளியே வருமாறு வளைத்துக் காட்டினார். பற்களுக்கு நடுவே வரிவரியாகப் பிளவு, இரண்டு பற்கள் அடியில் பாதி கிழிந்திருந்தன. மறுவாரம் குடும்பத்தோடு முந்நூறு கிலோமீட்டர் போவதாக இருந்தோம். அந்தப் பட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன்.

செலவுக் கணக்கை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். ஆறு ஆண்டுகளில் எரிபொருளும் காப்பீடும் நீங்கலாக இந்தக் காருக்கு ஆன மொத்தச் செலவு, அன்று புதிய காருக்கு எனக்குச் சொன்ன மாதத் தவணையில் பதினேழு மாதங்களுக்குச் சமம். தவணை ஓடவேண்டியது அறுபது மாதம். புதிய காரின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகச் சரிகிறது. அந்தச் சரிவை என் காருக்கு அந்த ஆசிரியர் எப்போதோ சுமந்து முடித்துவிட்டார். நான் வாங்கிய பிறகு விலை இறங்க அதில் அதிகம் மிச்சமில்லை. எரிபொருளில் மட்டும் புதியது முந்துகிறது. பழையது லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது, புதியது 18.

நோட்டில் ஏறாத செலவும் ஒன்று உண்டு. மூன்றாம் ஆண்டு ஒரு காலை, மகளைத் தேர்வுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறியது. ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கினேன். இன்ஜினின் சூட்டை ஹீட்டர் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதற்காக. முள் நின்றது, இறங்கவில்லை. ஓரம் கட்டினேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும், மூடி நகர்ந்த நொடியில் முகத்தில் பாயும். காத்திருந்தோம். வாடகைக் கார் வந்து அவளை ஏற்றிச் செல்லும்போது தேர்வு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. பின்னிருக்கையில் அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டு போனாள். பழுதானது தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு நீர் போக வழி திறக்கும், உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பொருள். மூடிய நிலையில் சிக்கிக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டில் நான் வாங்கிய உதிரிபாகங்களில் அதைவிட மலிவானது கிடையாது. பெல்ட்டை மாற்றிய அன்றே அதையும் மாற்றியிருக்கலாம். அந்த அழுகையை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

அதன் பிறகு இந்தக் காரைப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்டீயரிங்கின் கீழே பதினாறு முனை கொண்ட சொருகி ஒன்று இருக்கிறது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயமாயிற்று, பிறகு மற்ற நாடுகளிலும் பரவியது. அதில் பொருத்தினால் காரின் கணினி தரும் கோளாறுக் குறியீட்டைச் செல்போனுக்கு அனுப்பும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று வாங்கினேன். ஒருநாள் இன்ஜின் உதறியது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது. செல்போனில் பி0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று பொருள். தீப்பொறி தரும் பிளக்கா, அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா? இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன், மூன்றாவதை இரண்டில் போட்டேன். மறுபடி ஓட்டினால் குறியீடு பி0303 ஆகிவிட்டது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது, ஆகவே பழுது காயிலில்தான். புதிய காயில் போட்டதும் சரியாயிற்று. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி, புதிய காரின் சாவியை வாங்கியபோதுகூட இருக்கவில்லை.

பராமரித்தால் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு ஓர் எல்லைக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் இர்வ் கோர்டன் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 காரில் 2013-இல் முப்பது லட்சம் மைலைக் கடந்தார், ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். இடையில் இன்ஜினைப் பிரித்துச் சீரமைத்திருக்கிறார். கையேடு சொன்னதை அந்தந்த நேரத்தில் செய்ததைத்தான் தன் வழியாக அவர் சொல்லிவந்தார்.

இவ்வளவு சொல்லும் நான் ஏன் புதிய கார் வாங்கினேன்? மனைவிக்கு வேலை மாறியது, தினமும் நெடுஞ்சாலையில் போகவேண்டி வந்தது. அப்போது ஒரு சோதனைப் படத்தைப் பார்த்தேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்காகக் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ஆன்கேப் அமைப்பு 2017-இல் ஒரு 1998 கொரோலாவையும் ஒரு 2015 கொரோலாவையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. புதியதற்கு ஐந்து நட்சத்திரம். பழையதற்கு 16-க்கு 0.40 புள்ளி, நட்சத்திரமே இல்லை. ஒரே பெயர், இடையில் பதினேழு ஆண்டு.

"பழைய வண்டி கெட்டி இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம்" என்று சொல்பவர்கள் 2009-இல் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் செய்த சோதனையையும் பார்க்கவேண்டும். 1959 செவர்லே பெல் ஏரும் 2009 செவர்லே மலிபுவும் மோதின. அந்தப் பெரிய பழைய காரின் ஓட்டுநர் அறை உள்ளே நொறுங்கி விழுந்தது. புதியதின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியைத் தின்றது, ஆள் உட்காரும் கூடு அப்படியே நின்றது. இரும்பின் கனம் மட்டும் போதாது, எது நசுங்கவேண்டும், எது நசுங்கக்கூடாது என்று திட்டமிட்டிருக்கவேண்டும். என்னிடம் உள்ள எந்த ஸ்பேனராலும் அதைப் பழைய காருக்குள் வைக்க முடியாது.

புதிய காரில் மழையில் ஒருமுறை பிரேக்கை ஓங்கி மிதிக்க நேர்ந்தது. பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடித்தது, ஏபிஎஸ் வேலை செய்தது. கார் வழுக்காமல், நான் திருப்பிய பக்கம் திரும்பி, முன்னால் நின்ற லாரிக்குப் பக்கவாட்டில் நின்றது. பழையதில் அதே மிதிக்குச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நேரே போயிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே புதிய காருக்குக் கட்டும் தவணையில் எனக்கு வருத்தமில்லை.

மற்றபடி அதன் மேல் எனக்குக் குறைகள் நிறைய. பழையதில் விளக்கு போனால் பத்து நிமிடத்தில் பல்பை மாற்றிவிடுவேன். புதியதில் எல்இடி, ஒரு பக்கம் போனால் விளக்குப் பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும். முன்கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டது. கண்ணாடியை மாற்றியதோடு வேலை முடியவில்லை, அதன் பின்னால் இருக்கும் கேமராவைத் திரும்ப அளந்து பொருத்தத் தனிக்கட்டணம். ஏசியின் வேகத்தைக் கூட்டத் திரையைப் பார்த்து விரலால் தேடவேண்டும். பழையதில் திருகு எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியும், கண் சாலையை விட்டு அகலாது. ஸ்டெப்னி கிடையாது, பசை நிரப்பும் ஒரு குப்பி மட்டும்தான். பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அந்தக் குப்பியால் ஒரு பயனும் இல்லை.

என் பரிந்துரை இதுதான். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள், குழந்தைகளோடு தூரப் பயணம் போகிறவர்கள், காரைத் திறந்து பார்க்க நேரமோ விருப்பமோ இல்லாதவர்கள் மூன்று நான்கு வயதுக் காராகப் பார்த்து எடுங்கள். முதல் விலைச்சரிவு முடிந்திருக்கும், ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கும். ஊருக்குள் ஓட்டுகிறவர், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அறிந்தவர், மாதம் ஒரு காலையைக் காருக்கு ஒதுக்கக்கூடியவர் என்றால் பழைய கார் உங்களுக்கு நன்றாக உழைக்கும். எங்கள் வீட்டில் மகள் நெடுஞ்சாலையில் பழைய காரில் ஏறுவதில்லை. அதை நான்தான் முடிவு செய்தேன்.

பழையதை எப்போது கைவிடுவேன் என்பதும் முடிவாகிவிட்டது. இன்ஜினைச் சரிசெய்யலாம், கிளட்சை மாற்றலாம். ஆனால் கதவுக்குக் கீழே, ஜாக்கி வைக்கும் இடத்தில் துரு உள்ளே இறங்கிவிட்டால் அந்த உடம்பு முடிந்தது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தரையில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அந்த இடத்தைத் தட்டிப் பார்க்கிறேன். துரு தின்ற தகடு மொத்தென்று ஒலிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நான்கு இடங்களிலும் தட்டினேன். நான்கும் கணீரென்று கேட்டன.