முடி கொட்டாத நாய்க்கு எதற்கு மாதம் 70 வெள்ளி?

"முடியே கொட்டாத நாய்னு சொல்லித்தானே வாங்குன, அப்புறம் எதுக்கு மாசாமாசம் முடிவெட்டுற கடை?" அம்மா இதைக் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் விடவில்லை.

பட்டு ஒரு யோர்க்‌ஷயர் டெரியர், 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருப்பாள். வட இங்கிலாந்து ஆலைகளில் எலி பிடித்த வம்சமாம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தரை வீட்டில் பல்லியைக்கூட இதுவரை பிடித்ததில்லை. முடி கொட்டாது என்பது ஓரளவு உண்மைதான், சோபாவில் ஒன்றும் ஒட்டாது, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தூக்கலாம். ஆனால் இந்த ஜாதிக்கு மேல்முடிக்கு அடியில் வளர்கிற மென்மையான அடிமுடி கிடையாது, நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும், உதிர்கிற கொஞ்சமும் தரைக்கு வராமல் மற்ற முடியிலேயே மாட்டிச் சிக்காகிவிடும். கூட்டுகிற வேலை மிச்சம், சீவுகிற வேலை தலையில்.

இது தெரியாமல் முதலில் ஒரு பேரங்காடிக் கடையில் விட்டேன். திரும்பி வந்தபோது ரோஸ் தோல் தெரிய மழித்திருந்தார்கள், வாலில் மட்டும் ஒரு குஞ்சம். சிக்கு அதிகம் என்றார்கள். சரி, அதை ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் இல்லையா?

அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைவீட்டு வரிசையில் இருக்கிற சீன ஆன்ட்டியிடம் போனேன். முதல் நாள் பட்டுவை மேசையில் நிறுத்தி, கழுத்தில் மாட்டுகிற கயிற்றை ஒரு முன்னங்காலையும் சேர்த்து நெஞ்சுக்குக் குறுக்கே போட்டார். இந்தக் குட்டி நாய்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனம், கழுத்தில் இழுபடக் கூடாது, நடக்கக் கூட்டிப் போகும்போதும் கழுத்துப்பட்டை வேண்டாம், நெஞ்சுப்பட்டை வாங்கு என்றார். அந்த ஒரு விஷயத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

நான் தினமும் பிரஷ் போடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஆன்ட்டி ஒன்றும் பேசாமல் ஸ்டீல் சீப்பை எடுத்து, காதுக்குப் பின்னால் முடியின் வேர்ப்பக்கம் வைத்து இழுத்தார். நின்றுவிட்டது. அக்குளிலும் அப்படியே. பிரஷ் மேலே மட்டும் வழுக்கிப் போகும், பார்க்கப் பளபள என்று இருக்கும், தோலை ஒட்டி உள்ளே கம்பளம் மாதிரி ஆகியிருக்கும். அக்குள் சிக்கின்மேல் கொஞ்சம் சோளமாவைத் தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து மேலே மேலே சீவினார், இருபது நிமிடம் இருக்கும். பட்டு கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள்! சிக்கோடு குளிப்பாட்டாதே, தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும், இது நான் வாங்கிய திட்டு.

குளித்தபின் கூண்டுக்குள் வைத்து உலர்த்துவதில்லை, கையாலேயே மிதமான காற்றில் சீவிச் சீவி உலர்த்துகிறார். நம் ஊர் புழுக்கத்துக்கு முடியின் வேர்ப்பக்கம் ஈரமாகவே இருந்தால் புண் வந்துவிடும். விரல் இடுக்கு, காது என்று உண்ணி தேடிப் பார்ப்பதும் இந்த 70 வெள்ளியிலேயே அடக்கம்.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார். பத்து மணி என்றால் பதினொன்றரை, அதுவரை கடை முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில் நிற்க வேண்டியதுதான், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. ஒரு தடவை நகத்தை ஒட்ட வெட்டி ரத்தம் வந்தது, பட்டுவுக்குக் கறுப்பு நகம், உள்ளே நரம்பு எங்கே முடிகிறது என்று தெரியாதுதான், இருந்தாலும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அன்றைக்கு மட்டும் ஆன்ட்டி காசு வாங்கவில்லை.

ஒவ்வாமைக்காக இந்த ஜாதியைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று. தும்மலைக் கிளப்புவது எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிறது, முடி கொட்டாவிட்டாலும் அது இருக்கும். அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்தால் இன்னும் தும்முகிறான். வாங்குவதற்கு முன்னால் அந்த நாயோடேயே ஒரு மத்தியானம் இருந்து பாருங்கள்.

ஆன்ட்டியிடம் போகிறவர்கள் வாட்ஸ்அப்பில் இரண்டு வாரம் முன்னாடியே சொல்லி வையுங்கள். சீனப் பெருநாளுக்கு முன்னால் என்றால் ஒரு மாதம், அப்போது விலையும் 20 வெள்ளி ஏறும், பேரம் பேசினால் முறைப்பார்.