இரண்டாவது முறை இழுத்த ஃபைபர் லைன்: நாலு ஸ்டார்

முப்பது வருஷம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன் நான். போன வருஷம் வந்த ஆட்கள் எங்கள் தெருவில், நெட்டைக் கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாகக் கொண்டுவரும் ஃபைபர் கேபிளை வீணைத் தந்தி மாதிரி விறைப்பாகக் கட்டிவிட்டுப் போனார்கள். பார்க்க என்னவோ அழகுதான். ஆடிக் காற்றில் வேப்பங்கிளை ஒன்று சாய்ந்தது, கிளாம்ப் பக்கத்திலேயே இழை அறுந்தது. தொய்வைப் பாதியாகக் குறைத்தால் இழுவிசை இரண்டு மடங்காகும். அது அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த முறை வேறு கம்பெனி. 50 மீட்டர் இடைவெளிக்கு நடுவில் அரை மீட்டர் தொய்வு விட்டார்கள். கம்பத்தில் மிச்சக் கேபிளைத் தாம்பாளம் அகலத்துக்குச் சுற்றிக் கட்டினான் ஒரு பையன். "எதுக்குத் தம்பி இவ்வளவு பெரிய வட்டம்?" என்றேன். "சின்னதா மடக்குனா வெளிச்சம் கசிஞ்சிரும் ஐயா" என்றான். சபாஷ்! வீட்டில் ஒளி அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தால், வந்து சேரும் வெளிச்சத்தின் பலம் மைனஸ் 19 டிபிஎம், நல்ல அளவுதான். மழையிலும் நெட் நிற்கவில்லை.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றால், வெட்டிய கண்ணாடி இழைத் துணுக்குகளைத் திண்ணையிலேயே விட்டுவிட்டார்கள். பேத்தி செருப்பில்லாமல் ஓடும் இடம். டார்ச் அடித்து, ஒட்டு டேப்பால் ஒற்றி ஒற்றி நான்தான் எடுத்தேன்.