இரண்டு கப் பிரஷ் டப்பா: மண்டபத்தில் கைகொடுக்கும், மழைக்காலத்தில் காலை வாரும்

கல்யாண மேக்கப்புக்குப் போகிற பல பேர் கையில் இப்போது இந்த டப்பாவைத்தான் பார்க்கிறேன். வெளியே ரெக்சின், உருளை வடிவம், ஒரு சாண் உயரம், பக்கவாட்டில் ஒரு அழுத்துப் பட்டன். மூடியை மேலே உருவி எடுத்தால் அதுவே இன்னொரு கப் ஆகிவிடும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வேலையைத் தொடங்கிவிடலாம். ஆன்லைனில் 600 ரூபாய் சொச்சத்துக்கு வாங்கினேன். பெரிய கம்பெனிப் பெயரெல்லாம் கிடையாது, இதே டப்பா வேறு வேறு பெயரில் விற்கிறது. தை முகூர்த்தங்களில் ஆரம்பித்து ஐப்பசி மழை வரைக்கும் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய நல்லது. 4.30 - 6 முகூர்த்தம் என்றால் ராத்திரி ஒன்றரைக்கே பொண்ணை உட்கார வைக்கவேண்டும். மணமகள் அறையில் இருக்கிறதே ஒரு மேசை, அதில் பூ, ஜடை அலங்காரம், வளையல் டப்பா, யாரோ பாதி குடித்து வைத்த காபி, சார்ஜரில் நாலு போன். அங்கே போய் பிரஷ் ரோலை, அதாவது பிரஷ்களைச் சொருகிச் சுருட்டுகிற துணியை, விரிக்க ஒன்றரை அடி இடம் கேட்டால் எங்கே கிடைக்கும்? இந்த டப்பாவுக்கு இரண்டு உள்ளங்கை அளவு இடம் போதும். பிளாஸ்டிக் சேரின் மேலேகூட நிற்கும்.

அதைவிட முக்கியம், கப் இரண்டு என்பது. சுத்தமான பிரஷ் ஒன்றில், பயன்படுத்தினது இன்னொன்றில். பொண்ணு முடிந்ததும் அம்மா வருவார், அப்புறம் "அக்காவுக்கும் லேசா ஒரு டச்சப் போட்டுடுங்க" என்று அக்கா வருவார், அவருக்கும் பின்னால் அக்காவின் நாத்தனார் நிற்பார். தூக்கம் சொக்குகிற நேரத்தில் எது யார் முகத்தில் போனது என்று யோசிக்க முடியாது. கப் பிரிந்திருந்தால் கை தானாகச் சரியான பக்கம் போகிறது. பிரஷ் பற்றாமல் போனால் பயன்படுத்தின கப்பிலிருந்து ஒன்றை எடுத்து, டிஷ்யூவில் துடைத்து, 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் அடித்து, முடி நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தவருக்கு. (99 சதவீதம் இன்னும் உசத்தி என்று நினைத்து வாங்காதீர்கள், அது சட்டென்று ஆவியாகிவிடும். கிருமி சாக கொஞ்ச நேரம் ஈரம் நிற்கவேண்டும், தண்ணீர் கலந்ததுதான் அந்த வேலையைச் செய்யும்.) மஸ்காரா, லிப்ஸ்டிக்குக்கு மட்டும் ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற குச்சிதான், அதில் பேச்சே இல்லை.

இனி குறைகள். உயரம் போதவில்லை. கண்ணுக்கான பிரஷ் எல்லாம் நிம்மதியாக அடங்குகிறது, ஆனால் நீளக் கைப்பிடி வைத்த பவுடர் பிரஷ்ஷின் தலை மூடியில் இடிக்கிறது. ஸ்கூட்டியில் ஒரு மணி நேரம் குலுங்கிப் போய்த் திறந்தால் தூங்கி எழுந்த குழந்தையின் தலை மாதிரி முடி ஒரு பக்கமாகப் படிந்து கிடக்கும். வலை உறை, அதுதான் பிரஷ் கார்டு, அதைப் போட்டால் முடியின் வடிவம் நிற்கும், உயரம் குறையாது. உறையைப் போடும்போது கைப்பிடி முனையிலிருந்து நுழைத்து முடியை நோக்கி மேலே தள்ளவேண்டும். முடிப் பக்கமாக நுழைத்தால் ஓர முடிகள் வலைக் கண்ணில் மாட்டி மடங்கிக்கொள்ளும், பிறகு நிமிராது. எனக்கு வேறு வழியில்லாமல் பெரிய பவுடர் பிரஷ் இரண்டும் தனிப் பையில்தான் வருகின்றன. ஒரே டப்பா என்று சொல்லி வாங்கினதற்கு இது கொஞ்சம் எரிச்சல்தான்.

ஆனால் எனக்கு உண்மையான சண்டை ஈரத்தோடுதான். டப்பாவில் ஒரு காற்றுத் துளைகூட இல்லை. ஆல்கஹால் அடித்தது சில நிமிஷத்தில் காய்ந்துவிடும், ஷாம்பூ போட்டுக் கழுவின பவுண்டேஷன் பிரஷ் அப்படியில்லை, அடர்த்தியான முடி என்றால் ஒரு ராத்திரி போதாது, அதுவும் சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணியே காயாது. அந்த நிலையில் "மேலே காய்ந்துவிட்டதே" என்று டப்பாவில் நிறுத்தி மூடினால், அடிமுடியில் இருக்கிற தண்ணீர் கீழே இறங்கி முடியைப் பிடித்திருக்கிற உலோகப் பூணுக்குள் போகும். உள்ளே பசை இளகும், மரக் கைப்பிடி ஊறி உப்பும், பூண் லேசாக ஆடும், பெயின்ட் வெடிக்கும். கடைசியில் பொண்ணு கன்னத்தில் ஒரு முடி ஒட்டியிருக்கும், அதை போட்டோகிராபர்தான் முதலில் பார்ப்பார். கழுவினதை மேசை விளிம்பில் முடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள், அல்லது தலைகீழாகத் தொங்க விடுங்கள். விரலால் முடியின் நடுவே பிளந்து பார்த்து அடிவரை ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகு மட்டும் டப்பா. உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நல்லது.

ஆட்டுமுடி பிரஷ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டுப்புடவையை அரிக்கிற பூச்சிக்கு ஆட்டுமுடியும் சாப்பாடுதான். ஆடி, மார்கழி என்று வேலை குறைகிற மாதங்களில் இருட்டு டப்பாவில் மூடியே வைத்தால் ஒரு நாள் முடி நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். செயற்கை இழையை அது பெரும்பாலும் சீண்டாது. அந்துருண்டை மட்டும் போடாதீர்கள், முகத்தில் படுகிற சாமான். பீரோவில் புடவைக்கு வைக்கிற வசம்பில் ஒரு துண்டைத் துணியில் முடிந்து நான் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வப்போது எடுத்து வெளியே உதறவும் செய்கிறேன்.

ரெக்சினும் நீடிக்கவில்லை. மூடி உரசுகிற விளிம்பில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டது. இந்த வகை ரெக்சினின் மேல்பூச்சு பாலியூரித்தேன், காற்றில் இருக்கிற ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், நாமோ அதன் மேலேயே ஆல்கஹாலையும் அடிக்கிறோம். உரிந்த கறுப்புத் துணுக்கு பிரஷ் முடியில் போய் உட்கார்ந்தால் அப்புறம் பொண்ணு முகத்துக்கு எவ்வளவு தூரம்?

இடுப்பில் கட்டுகிற பிரஷ் பெல்ட்டையும் கேட்பீர்கள். ஷூட்டிங்கில் நின்றுகொண்டே டச்சப் செய்கிறவர்களுக்கு சரி. பூவும் விபூதியும் குழந்தைகளும் பறக்கிற கல்யாண வீட்டில் பிரஷ்ஷைத் திறந்தபடி இடுப்பில் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். பயணத்துக்கு காடாத் துணியில் டெய்லரிடம் தைத்த ரோல். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று மூன்று அளவில் பாக்கெட், முடியின் மேல் மடங்கி விழுகிற மாதிரி ஒரு மூடுதுணி. இந்த மூடுதுணியை டெய்லர் தேவையில்லை என்பார், விடாதீர்கள், அது இல்லாவிட்டால் சுருட்டும்போது ஒரு பிரஷ் முடி இன்னொன்றின் கைப்பிடியில் தேயும். தையல் கூலியும் துணியுமாக டப்பாவின் விலையைவிடக் குறைவுதான் ஆனது, காற்று போகிறது, அழுக்கானால் வாஷிங் மெஷினில் போட்டுவிடலாம். டப்பாவைக் காலியாக அதோடு எடுத்துப்போவேன், மண்டபத்தில் பிரஷ்களை ரோலிலிருந்து அதற்கு மாற்றிக்கொள்வேன். திரும்பும்போது அழுக்கு பிரஷ் மட்டும் டப்பாவில், சுத்தமானது ரோலில். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத்தான் முதலில் திறப்பேன்.

ஆகவே டப்பாவுக்கு ஐந்துக்கு மூன்று. உள்ளூரில் மண்டபம் மண்டபமாகப் போகிறவர் வாங்கலாம், வெளியூருக்குப் பஸ் ஏறுகிறவர் இதை மட்டும் நம்பவேண்டாம். மூடி இருப்பதால் இன்னொரு லாபம், இடைவேளையில் மூடி வைத்துவிட்டால் "ஒரு நிமிஷம் பவுடர் போட்டுக்கறேன்மா" என்று பெரியம்மாக்கள் பிரஷ்ஷை எடுப்பதில்லை. வாங்கினால் வந்த அன்றைக்கே பட்டனைப் போட்டுத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். எனக்கு முதலில் வந்ததன் பட்டன் அதிலேயே திறந்துகொண்டது, திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன்.