முப்பது நாள் லீவில் என்ன செய்யலாம்: பாண்டி, கடலூரில் பக்கவாதத்துக்குப் பிறகு

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் என்று கேட்டு, பாரீஸிலிருந்தோ பிரான்ஸின் ரீயூனியன் தீவிலிருந்தோ டிக்கெட் எடுத்து லீவில் ஓடி வருகிறவர் பாண்டி வந்து சேரும்போது மருத்துவமனைக் கட்டம் அநேகமாக முடிந்திருக்கும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கெடு, செய்தி காதுக்கு எட்டுவதற்குள்ளேயே போயிருக்கும். கோரிமேடு ஜிப்மரோ தனியார் மருத்துவமனையோ ஸ்கேன் எடுத்து, பிரஷரை அடக்கி, சில நாளில் டிஸ்சார்ஜ் எழுதிவிடுவார்கள். ஆனால் கை கால் வேகமாகத் திரும்புவது அதற்கடுத்த மூன்று மாதத்தில்தான். பிரான்ஸில் இந்த இடத்தில் மறுவாழ்வு மருத்துவமனை ஒன்று நடுவில் வரும். சில வாரம் தங்கவைத்துத் தினமும் பயிற்சி தரும். இங்கே அந்த நடுப்படி பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை, வீடுதான் அந்த மருத்துவமனை. எனவே இன்னொரு எம்.ஆர்.ஐ., இன்னொரு பெரிய டாக்டர் என்று சென்னைக்கு அலைந்து லீவைக் கரைப்பதைவிட, வீட்டைச் சரிசெய்து, கூட இருக்கப்போகிற ஒருவருக்குக் கை பழக்கிவிட்டுப் போவது மேல்.

யார் வீடு தேடி வருவார்கள் என்பதை எல்லைக்கோடு தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார். கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடிக்கு இது உண்டு. அதை ஒட்டியிருக்கும் கன்னியக்கோயில் புதுச்சேரி ஆட்சிப்பகுதி, அங்கே இந்தத் திட்டம் செல்லாது. கடலூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். ஆனால் ஒரு வட்டாரத்துக்கே ஒரு பிசியோ என்ற கணக்கில், தினமும் வருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவரைப் பயிற்சி கொடுப்பவராக நினைக்காமல் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பவராக நினைத்தால் பலன் உண்டு. பாண்டிப் பக்கத்தில் ஜிப்மரில் மறுவாழ்வு மருத்துவத் துறை தனியாகவே இருக்கிறது. அதற்கு மேல், காசு கொடுத்து வீட்டுக்கு அழைக்கும் பிசியோதான்.

அப்படி வருகிறவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் வைப்பீங்களா?" தசையை மின்சாரத்தால் தூண்டும் கருவியைத்தான் சொல்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் இருபது நிமிடம் கரண்ட், மீதியில் கை காலைத் தூக்கித் தூக்கி வைத்தல், அவ்வளவில் முடிந்துவிடும். படுத்திருப்பவர் தானாக முயன்று செய்தது அதில் எத்தனை? கை முப்பது தடவை அசைந்திருந்தால் அதிகம். மூளை புது வழி போட்டுக்கொள்ள, தினமும் நூற்றுக்கணக்கில் சொந்த முயற்சி வேண்டும். டம்ளரை எடுத்து வைப்பது, பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுவது, துண்டை மடிப்பது, கதவுக் கொண்டியைத் தள்ளுவது என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் வேலைகள்தான் அந்த எண்ணிக்கையைக் கொடுக்கும். எல்லார் வீட்டிலும் ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கையில் திணிக்கிறார்கள். விரல் ஏற்கெனவே இறுகி மூடும் கைக்கு, பந்தை அமுக்குவது மூடுவதற்கே பழக்கம். தேவைப்படுவது விரிப்பதற்கான பயிற்சி. உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிற்றால் கையை மேலே இழுப்பது இன்னும் மோசம்; தளர்ந்த தோள்பட்டை அதில் காயப்பட்டு, பிறகு வலிக்குப் பயந்தே அவர் கையை அசைக்கமாட்டார். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலும் இதே கதிதான். இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, அதைப் பிடித்து எழுப்ப வேண்டும்.

சாப்பாடு தனிப் பாடம். "தண்ணி மட்டும் குடுங்க" என்று பாவப்பட்டுக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. விழுங்கும் தசை தளர்ந்தவருக்குத் தண்ணீரும் மோரும் தொண்டையில் நிற்காமல் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்காமல் எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது. இருமல், குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரப்பது, காரணம் தெரியாமல் வரும் காய்ச்சல் இவை எச்சரிக்கை. சிலருக்கு இருமலே வராது, நேராகச் சளியும் காய்ச்சலும்தான் வரும். ரசம் சாதம் எளிதானது என்று தோன்றும். ஆனால் தண்ணீரும் பருக்கையும் பிரிந்து போவதால் அதுதான் சிக்கல். உதிர் இட்லியும் அப்படியே. குழைத்து மசித்த தயிர்சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ், கெட்டிச் சாம்பாரில் பிசைந்த இட்லி ஆகியவை ஒரே பதமாக இறங்கும். முதுகு நிமிர்ந்து உட்கார வைத்து, தேக்கரண்டி அளவாக, வாயில் இருப்பது இறங்கிய பிறகே அடுத்தது. டிவியை அணைத்துவிட வேண்டும். சாப்பிட்டதும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. மூக்குக் குழாய் இருந்தால் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் சுமார் 30 மில்லி தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது.

வலது கை போனவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியில் வராத ஒரு சங்கடம் உண்டு. சோற்றுக் கையும் போய், கழுவும் கையால் சாப்பிடச் சொன்னால் பெரியவர்கள் மறுப்பார்கள். வீட்டார் ஊட்ட ஆரம்பிப்பார்கள். அதோடு அவர் தானாகச் சாப்பிடுவது நின்றுபோகும். கழிவறையில் தண்ணீர் பீய்ச்சும் கைக்குழாய் ஒன்று பொருத்தி, இடது கைக்குத் தடித்த பிடியுள்ள ஸ்பூன் கொடுத்தால் முக்கால்வாசி மறுப்பு தீரும். ஸ்பூன் பிடியில் பழைய துணியைச் சுற்றினாலே போதும்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டவருக்கு வேறு மாதிரி. இலை போட்டுப் பரிமாறினால் வலப்பக்கத்துச் சோறு காலியாகும், இடது பக்கம் நுனியில் வைத்த உப்பு, ஊறுகாய், பொரியல் எல்லாம் தொடாமல் கிடக்கும். "பொரியல் பிடிக்கலை போலிருக்கு" என்பார்கள். பிடிக்காமல் இல்லை, அந்தப் பாதி அவருக்கு இல்லவே இல்லை. தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டி, சிவப்பு தெரியும் வரை திரும்பிப் பார்க்கச் சொல்லிப் பழக்க வேண்டும். நடக்கும்போது இதே ஆள்தான் இடப்பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்வார்.

வீடு. சக்கர நாற்காலி வாங்குமுன் குளியலறைக் கதவை அளக்கவும். இரண்டடிக் கதவில் சாதாரண சக்கர நாற்காலி நுழையாது. நாற்காலி ஏறும் சரிவுப் பாதைக்குக் கணக்கு, ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். திண்ணை வைத்த பழைய வீட்டில் அரையடிப் படி மூன்று இருந்தால் பதினெட்டு அடி வேண்டும், தெருவில்தான் போய் முடியும். அதற்குப் பதில் படியை இரண்டிரண்டாகப் பிரித்துக் கைப்பிடி போடுவது நடக்கிற காரியம். கைத்தடி நல்ல கையில். கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பு வரை உயரம். படி ஏற நல்ல கால் முதலில், இறங்கத் தளர்ந்த கால் முதலில். தடியின் அடி ரப்பர் தேய்ந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கும், உபரியாக நாலைந்து வாங்கி வைக்கவும். ஹவாய் செருப்பு காலில் இருக்கிறதா கழன்றதா என்றே உணர்வற்ற பாதத்துக்குத் தெரியாது. பின்வார் வைத்த செருப்பு வேண்டும்.

மருந்துப் பெட்டியில் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த கார்டெஜிக்கும் இங்கே எழுதிய ஈகோஸ்பிரினும் சேர்ந்து கிடப்பது வழக்கம். இரண்டும் ஆஸ்பிரின்தான், ஒன்றை எடுத்துவிட வேண்டுமா என்று டாக்டரிடம் காட்டிக் கேட்கவும். பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது இரண்டாவது ஸ்ட்ரோக்குக்கு வழி. பக்கவாதத்துக்குப் புறா இரத்தம் மருந்து என்று யாராவது சொல்வார்கள். விழுங்க முடியாதவர் வாயில் அதை ஊற்றுவது போன்ற முட்டாள்தனம் வேறில்லை. எண்ணெய் தேய்க்க ஆசைப்பட்டால் தேய்க்கட்டும், ஆனால் சூட்டை உங்கள் கையில் பார்த்த பிறகு. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தொடவே வேண்டாம், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம்.

திரும்பிப் போனபின் "எப்படி இருக்கார்" என்று போனில் கேட்டால் "பரவாயில்லை" என்ற ஒரே பதில் வரும். நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் தரையில் டேப் ஒட்டிவையுங்கள். எழுந்து, டேப் வரை நடந்து, திரும்பி வந்து உட்காரும் வரை எத்தனை நொடி? வாரம் ஒருநாள், அதே நாற்காலி, அதே செருப்பு, பக்கவாட்டிலிருந்து வீடியோ. நொடி குறைகிறதா, குதிகால் முதலில் படுகிறதா, முன்பாதம் தேய்கிறதா என்று அதில் தெரியும். பிசியோவிடம் அதையே காட்டலாம். டேப்பை உரித்துவிட வேண்டாம் என்று தரை துடைக்கிற அம்மாவிடம் மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.