பெங்களூரில் ‘150 வயதுக் கொடி’ ஒயின்: பொன்னிறச் சீட்டுக்கு அடியில் இருந்த விலை

பெங்களூர் இந்திராநகரில் உள்ள ஒரு மதுக்கடையில், 150 வயதான கொடிகளின் திராட்சையில் செய்தது என்று சொல்லி விற்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் ஒன்றைச் சென்ற மாதம் ரூ.11,500 கொடுத்து வாங்கி ஏமாந்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால், பழங்கொடி ஒயினைத் தேடிப் போகும் வேறு எவரும் இதே விதமாகப் பணத்தை இழக்கக் கூடாது என்பதால், நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழ் வளர்ந்தவன். காய்ப்பு குறைந்த கொடியை அப்பா வேரோடு தோண்டியெடுத்துவிட்டுப் புதுக் கன்று ஊன்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால், 1840களில் நட்ட ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின் திராட்சைக் கொடிகள் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் இன்றும் காய்க்கின்றன என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 1860களில் பிரான்சில் பரவத் தொடங்கிய ஃபைலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. 1877இல் அது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் தென்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899இலேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிக் காவல் காத்ததால், அங்கே அந்தப் பூச்சி இன்றுவரை நுழையவில்லை. பூச்சியிடம் தப்பிய அந்தக் கொடிகளில் பலவற்றை 1980களில் அரசே மானியம் கொடுத்துப் பிடுங்கச் சொன்னது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. எஞ்சியிருக்கும் முதிய கொடிகள் மிகக் குறைவாகத்தான் காய்க்கும்; அவற்றின் ஒயின் விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த ஆசையைத்தான் கடைக்காரர் காசாக்கிக்கொண்டார்.

நான் தமிழன் என்று தெரிந்ததும் விற்பனையாளர், “நம்ம ஊருங்களா சார்? அப்போ உங்களுக்கு நல்ல சரக்காவே காட்டுறேன்” என்று கண்ணாடி ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருந்த பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் கழுத்தில் ‘150 ஆண்டுக் கொடி’ என்று அச்சிட்ட பொன்னிற அட்டை தொங்கியது. பின்புறம் அதே நிறத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. கணினி ரசீது கேட்டபோது, இயந்திரம் பழுது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பணம் கடையின் கணக்குக்குப் போகாமல் ஒரு தனிநபரின் கணக்குக்குப் போனதை அன்றிரவுதான் கவனித்தேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியிருந்த என் நண்பனுக்காகத்தான் அதை வாங்கினேன். அவன் பாட்டிலைத் திறக்காமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடியைச் சுற்றியிருந்த தகட்டின் விளிம்பில், கசிந்து காய்ந்த கருஞ்சிவப்புக் கோடு ஒன்று பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. பிறகு விலைச்சீட்டை நகத்தால் மெல்லக் கிளப்பினான். அடியில் இறக்குமதியாளரின் சீட்டு இருந்தது. அதில் அதிகபட்ச சில்லறை விலை ரூ.4,650. “மாப்பிள்ளை, இதுல ஓல்டு வைன் (Old Vine), அதாவது பழங்கொடின்னு மட்டும்தான் போட்டிருக்கு. 150 வயசுன்னு எங்கயும் இல்லையே” என்றான். ஊற்றிக் குடித்தபோது, அடுப்பில் அதிக நேரம் கொதித்துவிட்ட உலர்திராட்சைச் சாறுபோல் இருந்தது. ஜன்னல் வெயில் அந்த ஒயினை வேகவைத்துவிட்டது.

அவன் விளக்கிய பிறகே எனக்கு விவரம் புரிந்தது. பரோசா பகுதியினர் 2009இல் தாங்களாகவே ஒரு சாசனம் வகுத்துக்கொண்டு கொடிகளை வயதுப்படி பிரித்திருக்கிறார்கள்: 35 ஆண்டு கடந்தது ஓல்டு வைன், 70 கடந்தது சர்வைவர், 100 கடந்தது சென்டினேரியன், 125 கடந்தது ஆன்செஸ்டர். பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பும் 2024இல் பழங்கொடி என்பதற்கு 35 ஆண்டு என்னும் வரம்பையே ஏற்றது. ஆகவே, என் கையில் இருந்த பாட்டில் பொய் சொல்லவில்லை. கழுத்தில் கட்டிய அட்டைதான் பொய் சொன்னது. வேறு சில பாட்டில்களில் நிறுவனம் தொடங்கிய ஆண்டைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைக் கொடி நட்ட ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் கடைக்குப் போனபோது, அட்டை “சும்மா விளம்பரத்துக்கு” என்றும், திறந்த பாட்டிலைத் திரும்பப் பெற மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். துண்டுச் சீட்டு தங்களுடையதே இல்லை என்று மேலாளர் சாதித்தார். தமிழில் அவ்வளவு அன்பாகப் பேசிய விற்பனையாளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பணம் போனதைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது.

இத்தகைய ஒயின் வாங்குவோர், பணம் கொடுக்கும் முன் கடை ஒட்டிய எந்தச் சீட்டையும் கிளப்பிப் பார்க்கத் தயங்க வேண்டாம். அடியில் இருக்கும் இறக்குமதியாளரின் பெயர், உணவுப் பாதுகாப்பு உரிம எண், அதிகபட்ச விலை மூன்றையும் படியுங்கள். கொடியின் வயது பாட்டிலில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி ரசீது தராத கடையில் வாங்காதீர்கள். வெயில் படும் இடத்தில் நின்ற பாட்டிலை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதிகபட்ச விலையை மீறியதற்காகச் சட்டமுறை எடையளவுத் துறையிலும் புகார் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. காலிப் பாட்டில், பாதி கிளப்பிய விலைச்சீட்டு, கழுத்து அட்டை, பணம் அனுப்பிய பதிவு ஆகிய நான்கையும் ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.